அறுபதில் ஒரு நாவல் வகுப்பு

2025 ஆகஸ்டில் என் நாவல் வெளிவந்ததிலிருந்து, சங்கத்துக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்து ஒரு கேள்வி கேட்கிறார். "நாவல் எழுத வகுப்புக்குப் போனீங்களாமே, நிஜமா? அதெல்லாம் சொல்லிக் கொடுத்து வருமா?" கேட்பவர்களில் பாதிப் பேர் வேடிக்கையாகக் கேட்கிறார்கள். மீதிப் பேர் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். இவர்கள் வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிடும். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அந்த இரண்டாவது வகையினருக்காகவே நம் இதழின் ஆசிரியர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி இதை எழுதுகிறேன்.

நான் தாராவியில் வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். அம்மா வீட்டிலேயே இட்லி அவித்துச் சைக்கிள்காரர்களுக்குக் கொடுப்பாள். என் அக்கா மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, 1968-இல், அம்மாவுக்குக் கை கொடுக்க ஆள் வேண்டுமென்று பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டாள். அப்போது அவளுக்கு வயது 12, எனக்கு 7. அவள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஆட்டுரலில் மாவாட்ட, நானும் தம்பியும் படித்தோம். 1975-இல் அவளைச் சொந்த ஊரிலேயே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் 1982-இல் தபால் துறையில் சேர்ந்து, 39 ஆண்டுகள் வேலை பார்த்து, 2021-இல் ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெற்ற மறுவாரமே அக்காவின் கதையை எழுத உட்கார்ந்தேன். நாற்பது பக்கம் எழுதியதும் நின்றுவிட்டது. அழுகை வருகிறது, கதை வரவில்லை. நோட்டு அலமாரிக்குப் போனது.

வகுப்பைத் தேடி

என் மகள்தான் தாதரில் நடக்கும் வகுப்பைப் பற்றிச் சொன்னாள். ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், காலை பத்தரை முதல் ஒன்றரை வரை. கட்டணம் 6,000 ரூபாய். நடத்தியவர் ஓய்வு பெற்ற மராத்திப் பேராசிரியர், நாவலாசிரியர். தமிழில் அப்படி ஒரு வகுப்பு கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். இந்த ஊரில் எனக்குக் கிடைக்கவில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழிப் பட்டயப் படிப்பு இருக்கிறது, ஆனால் அது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு. ஆகவே 2022 ஜனவரியில் முலுண்டிலிருந்து லோக்கல் பிடித்துத் தாதருக்குப் போனேன்.

பதினான்கு பேர் இருந்தோம். ஒன்பது பேர் மராத்தி, இருவர் குஜராத்தி, இருவர் இந்தி. தமிழ் நான் ஒருத்தி. யார் எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம். மூன்று பக்கம் உரக்க வாசிக்க வேண்டும், மற்றவர்களுக்குப் புரியாத மொழி என்றால் பிறகு இந்தியிலோ மராத்தியிலோ விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் பெண்களையெல்லாம் 'தாயீ' என்று அழைத்தார். மராத்தியில் அது அக்கா. என்னை அப்படி அழைத்தபோதெல்லாம் எனக்கு என் அக்காவின் ஞாபகம்தான் வந்தது.

முதல் நாள் அவர் இத்தகைய வகுப்புகளின் கதையைச் சொன்னார். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1936-இல் எழுத்துப் பட்டறை தொடங்கியது. இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் 1970-இல் எழுத்துக்கென்று முதுகலைப் படிப்பு வைத்தது. அங்கே படித்த கசுவோ இஷிகுரோ 2017-இல் நோபல் பரிசு பெற்றார். "அதனால் நீங்களும் பெறுவீர்கள் என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வாரம் நிறுத்தாமல் எழுத வைப்பேன், அவ்வளவுதான்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். தமிழில் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் உத்தியோகம் பார்த்தவர். கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகைக்கு எழுதினார். நாஞ்சில் நாடன் இதே பம்பாயில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே 'தலைகீழ் விகிதங்கள்' எழுதி 1977-இல் வெளியிட்டார். டில்லியில் இந்திரா பார்த்தசாரதி கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே எழுதினார். ஆதவன் அங்கே அலுவலகத்துக்குப் போய்வந்துகொண்டே எழுதினார். இவர்கள் யாரும் வகுப்புக்குப் போய்க் கற்றவர்களில்லை, உண்மைதான். ஆனால் கதையை வாங்கிப் பிரசுரிக்கப் பத்திரிகைகள் இருந்தன. எழுதியதைப் படித்துவிட்டுச் சண்டை போட இலக்கிய நண்பர்கள் இருந்தார்கள். எனக்கு அந்த இரண்டுமே இல்லை. வகுப்பில் அவற்றைத்தான் விலைக்கு வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

மாடி அறையில் கற்றவை

முதல் பாடம், கதையை ஒரே வாக்கியத்தில் சொல்வது. யாருடைய கதை, அவளுக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது. நான் எழுந்து கால் மணி நேரம் சொன்னேன். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாயீ, உங்கள் அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று சொன்னீர்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று சொல்லவில்லையே" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இரண்டாவது, எதை நடத்திக் காட்டுவது, எதைச் சொல்லிக் கடப்பது என்ற கணக்கு. "அந்த நாட்களில் நாங்கள் மிகவும் கஷ்டப்பட்டோம்" என்று நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, ஒரே ஒரு விடியற்காலையை எழுதச் சொன்னார். கண் கண்டது, காது கேட்டது, மூக்குக்குத் தெரிந்தது மட்டும். ஆட்டுரலின் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்து அழுவது, இட்லிக் கொப்பரையின் ஆவியோடு வெளியிலிருந்து வரும் தோல் வாடை, குழாயடியில் வரிசைக்குப் போட்ட டப்பாக்கள் என்று எழுதிக்கொண்டு போனேன். கஷ்டம் என்ற சொல் ஒரு இடத்திலும் வரவில்லை. வாசித்து முடித்து இந்தியில் சொன்னபோது, நாசிக்கிலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது பாடத்தை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். ஐந்தாவது ஞாயிறு, அம்மாவும் தலைமையாசிரியரும் அக்காவும் பேசும் காட்சியை வாசித்தேன். ஆசிரியருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. கண்ணை மூடிக் கேட்டவர், "மூன்று பேர் பேசுகிறார்கள் என்கிறீர்கள். என் காதுக்கு ஒருவர் பேசியதுபோல்தான் இருக்கிறது. உங்கள் ஊரில் தாயும் தலைமையாசிரியரும் ஒரே மாதிரியா பேசுவார்கள்?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எல்லாரையும் பாடப்புத்தகத் தமிழில் பேச வைத்திருந்தேன். என் அம்மா பேசியது நெல்லைத் தமிழ், அதில் 'நல்'லும் 'பாணி'யும் 'பகா'ரும் கலந்திருக்கும். தலைமையாசிரியர் தஞ்சாவூர்க்காரர். அக்கா பாதி அம்மாவைப் போலவும் பாதி தெருவைப் போலவும் பேசுவாள். நாவல் என்றால் நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்ற பயத்தில் வீட்டார் குரலையே அழித்திருந்தேன். தமிழ் தெரியாத ஒருவர்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எட்டாவது ஞாயிறு ஒரு பயிற்சி. ஒரு தாளில், இந்த நாவலில் எதை எழுத உங்களுக்கு மனம் வரவில்லையோ அதை எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்றார். நான் எழுதினேன்: "எனக்காக அக்கா படிப்பை விட்டது." எழுதி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பெரிய உண்மையை ஒப்புக்கொண்டுவிட்ட நிம்மதி எனக்கு. அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடைசிப் பாடம் கணக்குப் பாடம். தினம் 300 சொல். கூடினாலும் குறையக் கூடாது. எழுதிய எண்ணிக்கையை நாள்காட்டியில் குறிக்க வேண்டும். தபால் அலுவலகத்தில் கணக்கு முடிக்காமல் வீட்டுக்குப் போகாதவள் நான். இது எனக்குப் பிடித்துப்போயிற்று. வகுப்பு முடிந்த பிறகும் விடாமல் எழுதினேன். 2022 டிசம்பர் கடைசியில் 84,000 சொற்களில் நாவல் முடிந்தது. கைபேசியிலேயே தட்டச்சு செய்திருந்தேன்.

பணம் போன கதை

முடித்த நாவலை ஆறு வாரம் தொடாமல் வையுங்கள், பிறகு அந்நியரைப் போல எடுத்துப் படியுங்கள் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. பேத்திக்குக் காது குத்து வருகிறது, அதற்குள் புத்தகம் கையில் வேண்டும் என்று ஆசை. விளம்பரம் பார்த்து ஒரு நிறுவனத்தாரிடம் பேசினேன். பிழை திருத்தம், அட்டை, அச்சு, எல்லாக் கடைகளிலும் விற்பனை என்று சொல்லி 18,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பக்கங்கள் வந்தன. யூனிகோடில் இருந்ததைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றியதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து கிடந்தன. ஒரு சொல்லும் திருத்தப்படவில்லை. நான் கேள்வி கேட்டதும் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பணம் திரும்பவில்லை. என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டு மாசப் பால் காசு போச்சுன்னு நினைச்சுக்கோ" என்று தம்பிதான் சிரித்தான். பால் காசு அவ்வளவு ஆகாது என்பது அவனுக்கும் தெரியும்.

அடி பட்ட பிறகு, 2023 ஜூலையில், மாட்டுங்காவில் இரண்டு சனிக்கிழமை நடந்த இன்னொரு வகுப்புக்குப் போனேன். அது பிரசுரம் பற்றியது மட்டும். முன்பே போயிருந்தால் 18,000 மிஞ்சியிருக்கும். அங்கே தெரிந்துகொண்டதில் முக்கியமானவற்றை இங்கே தருகிறேன், யாருக்காவது பயன்படட்டும்.

முதலாவது, பதிப்பாளர் என்பவர் தன் பணத்தைப் போட்டு நம் புத்தகத்தை வெளியிடுகிறவர். நாம் பணம் கொடுத்தால் அவர் செய்வது அச்சுச் சேவை. இரண்டுமே முறையானவைதான். ஆனால் எதைச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். சேவை என்றால் எத்தனை பிரதி, என்ன தாள், யார் மெய்ப்புப் பார்ப்பது, எந்தத் தேதி என்று எழுதி வாங்கிக்கொண்டு தவணையாகப் பணம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஐ.எஸ்.பி.என். எண். இதற்கென்று சிலர் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். நம் நாட்டில் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதை இலவசமாகத் தருகிறது. சொந்தமாக வெளியிடும் எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம்.

மூன்றாவது, உரிமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆசிரியரின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கும். உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்து மூலம்தான் தர முடியும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று சட்டம் கொள்ளும். மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலி நூல், மின்னூல் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிடாமல் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

நான்காவது, பக்கக் கணக்கு. தமிழ் நாவல்கள் பெரும்பாலும் டெமி எட்டில் ஒன்று அளவில் வருகின்றன. பதினாறு பக்கம் ஒரு பாரம். பாரக் கணக்குக்குள் பக்கம் முடிந்தால் தாள் வீணாகாது. பிரதிகள் மிகக் குறைவென்றால் டிஜிட்டல் அச்சு கட்டுப்படியாகும், எண்ணிக்கை கூடக் கூட ஆஃப்செட் மலிவாகும்.

ஐந்தாவதாக அந்த வகுப்பை நடத்திய பெண்மணி எல்லாரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் நாவலில் உயிரோடிருக்கும் மனிதர்கள் இருக்கிறார்களா? அவர்களுக்குத் தெரியுமா?" பெயரை மாற்றிவிட்டேன் என்றேன். "பெயரை மாற்றினால் ஊராருக்குத் தெரியாமல் போய்விடுமா?" என்றார்.

அன்றிரவு தம்பிக்குத் தொலைபேசினேன். அவன் விஷயத்தைக் கேட்டதுமே கோபப்பட்டான். "பணம் போனதுகூடப் பரவாயில்லக்கா. நம்ம வீட்டுக் கதைய நாலு பேர் படிக்கணுமா? பெரியக்கா மனசு என்ன பாடுபடும்?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "அவகிட்டயே கேட்டுடறேன்டா" என்றேன்.

திண்ணையில் ஐந்து இரவுகள்

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். கைப்பிரதியை நகலெடுத்து எடுத்துப் போயிருந்தேன். அக்காவுக்கு 68 வயது. அத்தான் போய்ப் பல வருஷமாகிறது. இராச்சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து நான் வாசிப்பேன், அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்பாள். ஐந்து இரவுகள்.

முதல் இரவு தாராவித் தெருவைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். யார் யார் என்று பெயரை மாற்றியும் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தாள். இரண்டாம் இரவு, அக்கா பள்ளியை விட்டு நிற்கும் அத்தியாயம். என் குரல் தழுதழுத்தது. அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு, "ஏட்டி, இதுல நான் எப்பவும் அழுதுக்கிட்டே இருக்கேனே. ஒரு நாள்கூடச் சிரிச்சதில்லையா?" என்று கேட்டாள்.

"நிறுத்திட்டாங்கன்னு உனக்கு வருத்தமில்லையாக்கா?"

"கணக்கு வாத்தியார் அடிச்ச அடிக்கு, இனிமே போக வேண்டாம்னு அம்மா சொன்னதும் எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. மாவாட்டுன காசுல அம்மா எனக்குன்னு வாரம் நாலணா தருவா. அதச் சேத்து உனக்கு ஒரு பென்சில் டப்பா வாங்கிக் குடுத்தேன். அத எழுதலியே நீ."

எனக்கு அந்தப் பென்சில் டப்பா நினைவே இல்லை. தாதர் ஆசிரியர் கேட்டாரே, அவளுக்கு என்ன வேண்டும் என்று. அதை நான் ஒரு முறைகூட அவளிடமே கேட்டதில்லை.

மூன்றாம் பாகத்தில் தங்கை தபால் அலுவலகத்தில் வேலைக்குச் சேருகிறாள். அக்காவின் தியாகத்தை நினைத்து உருகுகிறாள். கடைசியில் ரயில் நிலையத்தில் இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நாவலிலேயே மிக நன்றாக வந்த இடம் என்று நான் நினைத்திருந்தது அதுதான். ஐந்தாம் இரவு அதை வாசித்து முடித்தேன். அக்கா வெகு நேரம் பேசவில்லை. பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நீ போஸ்டாபீசுல சேந்துட்டன்னு அப்பா எழுதியிருந்தாவ. ஊரு பூராச் சொன்னேன். இனிமே தங்கச்சிகிட்டேருந்து கார்டு வரும்னு இருந்தேன். ஒரு கார்டு போட்டியாட்டி?"

நான் போடவில்லை. அப்பா மாதம் ஒரு கடிதம் எழுதுவார். அதன் கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன், சில மாதம் அதுவும் இல்லை. 1990-இல் அப்பா காலமான பிறகு கல்யாணப் பத்திரிகைகள் போயின. அக்காவுக்கு வாசிக்கச் சிரமம், எழுதி என்ன பயன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தொலைபேசி வந்துவிட்டது. அப்போது ஒரு கார்டு 15 பைசா. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான கார்டுகள் என் கை வழியாகப் போயின.

"உனக்குப் படிக்கக் கஷ்டமா இருக்கும்னு நினைச்சேன்க்கா" என்றேன்.

"நான் ஆறாப்பு வரைக்கும் போனவதான? எழுத்துக் கூட்டி வாசிப்பேம்லா. அப்பா கடுதாசி வந்தா ரெண்டு நாள் வச்சு வாசிப்பேன்" என்றாள். அவள் குரலில் கோபமில்லை. எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மும்பைக்குத் திரும்பும் ரயிலில், எட்டாவது ஞாயிறு எழுதி மடித்த தாள் நினைவுக்கு வந்தது. அக்கா படிப்பை விட்டது நான் எழுதப் பயந்த விஷயமா? அதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், கல்யாண வீடுகளில்கூட. அப்போது எனக்கு வயது ஏழு. அதில் என் தப்பு என்று எதுவும் இல்லை. ஆகவே அதற்காக அழுவது எனக்குச் சுலபமாக இருந்தது. என் தப்பு 21 வயதுக்குப் பிறகு தொடங்குகிறது. அதை அந்தத் தாளில் எழுதக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்த 18,000 ரூபாய் போனதற்காக நான் இப்போது வருத்தப்படுவதில்லை. அவர்கள் நாணயமானவர்களாக இருந்திருந்தால், தவறான நாவல் ஒன்று என் பெயரில் அச்சாகியிருக்கும்.

அச்சுக்குப் போனது

மூன்றாம் பாகத்தை முழுவதுமாகத் தூக்கிப் போட்டுவிட்டு எழுதினேன். ரயில் நிலையம் போய்விட்டது. தங்கை கடிதங்களைப் பிரிக்கிறாள், வீட்டுக்குப் போகிறாள், மறுநாளும் பிரிக்கிறாள். முதல் பாகத்தில் அக்கா சிரித்தாள், சண்டை போட்டாள், மாவுக் கையோடு சினிமாப் பாட்டுப் பாடினாள். பென்சில் டப்பா வந்தது. நம் சங்கத்து அன்பர்கள் ஐந்து பேர் மாதம் ஒரு முறை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அத்தியாயம் அத்தியாயமாகக் கேட்டார்கள். சந்திப்பிழை பார்த்த தமிழாசிரியர் ஒருவர், இட்லிக் கொப்பரைக்கு எத்தனை தட்டு என்று கேட்டுத் திருத்திய ஒரு பாட்டி, எங்கே கொட்டாவி விட்டாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்ன ஓர் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர். தாதரில் கிடைக்காத தமிழ்க் காதுகள் இவை. 84,000 சொற்கள் 58,000 ஆயின.

2024 ஆகஸ்டில் மூன்று பதிப்பகங்களுக்குக் கதைச் சுருக்கம் இரண்டு பக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் அனுப்பினேன். ஒன்று பதில் போடவில்லை. ஒன்று ஐந்து மாதம் கழித்து மறுத்தது. தமிழ்நாட்டில் ஒரு சிறு பதிப்பகத்தார் முழுப் பிரதியையும் கேட்டு வாங்கிப் படித்து, என்னிடம் பணம் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். 18 பாரம், 288 பக்கம், முதல் அச்சு 300 பிரதி, விற்பனையில் எனக்குப் பத்து சதவீதம். மெய்ப்பை மூன்று முறை பார்த்தேன். அப்படியும் 41-ஆம் பக்கத்தில் ஒரு 'ர'கரம் 'ற'கரமாகிவிட்டது. பணக்காரி ஆகிவிடவில்லை. ராயல்டி கணக்கைப் பார்த்த தம்பி, "இன்னும் எத்தனை புத்தகம் எழுதுனா அந்த 18,000 வரும்?" என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் மட்டும் பத்துப் பிரதி வாங்கினான்.

இன்னொரு செய்தி எனக்கு மகிழ்ச்சி தந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியையும் பதிப்பாளர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாராவுக்கும், டில்லி பொது நூலகத்துக்கும், நம் மும்பை மத்திய நூலகத்துக்கும் அனுப்ப வேண்டும். தாராவிக் குழாயடியில் டப்பா போட்டுக் காத்திருந்த ஒரு பெண்ணின் கதைக்கு இதே ஊர் நூலகத்தில் இடமிருக்கிறது.

சொல்லிக் கொடுத்து வருமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். கதையை யாரும் சொல்லித் தர முடியாது. உட்கார வைக்க முடியும், எண்ண வைக்க முடியும், உரக்க வாசிக்க வைக்க முடியும். எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்களே என்று எடுத்துச் சொல்ல முடியும். யாரிடம் போய்க் கேட்க வேண்டுமோ அவரிடம் போய்க் கேள் என்று தள்ளிவிட முடியும். இதற்கே 6,000 ரூபாய் தகும்.

அலமாரியில் நோட்டு வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு எங்கள் மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். அச்சான புத்தகம் தேவையில்லை, மூன்று பக்கம் போதும். எந்த வட்டாரத் தமிழாக இருந்தாலும் வாசியுங்கள்.

நாவலின் முதல் பிரதியை அக்காவுக்குத்தான் அனுப்பினேன். உள்ளே ஒரு தபால் கார்டு எழுதி வைத்தேன், பெரிய எழுத்தில். மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பென்சிலால் எழுதியது, வரி கொஞ்சம் மேலே ஏறிப் போயிருந்தது.

"புஸ்தகம் வந்தது. பாதி வாசித்துவிட்டேன். எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கு. அடுத்த தடவை பெரிசாகப் போடச் சொல்."